கணக்கில் முன்னே ஓடும் பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம்? வீட்டில் கற்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு ஏழரை வயது இருக்கும்போது மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஜூனில் வாங்கினோம். ஆகஸ்ட் முடிவதற்குள் முடித்துவிட்டாள். சரி, நான்காம் வகுப்புப் புத்தகம் வாங்கலாம் என்று வாங்கினோம். அது தீபாவளிக்கு முன்பே முடிந்தது. எட்டரை வயதில் ஆறாம் வகுப்புப் பின்னங்களில் இருந்தாள். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியும். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஒரு நாள் மதியம் முக்காலை அரைக்காலால் வகுக்கும் கணக்கு வந்தது. 3/4 ÷ 1/8. இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கி, ஆறு என்று உடனே எழுதினாள். "ஏன் திருப்பிப் போடுறோம்?" என்று கேட்டேன். "அப்படித்தாம்மா போடணும்" என்றாள். பக்கத்தில் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார், "முக்கால் படி அரிசி இருக்கு. அரைக்கால் படியால அளந்தா எத்தனை தடவை அளக்கலாம் கண்ணு?" என்று கேட்டார். மகள் கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அரைப் படிக்கு நாலு தடவை, கால் படிக்கு ரெண்டு தடவை. ஆறு, பாட்டி." அப்புறம் தன் நோட்டைப் பார்த்தாள். "இதுவும் அதே ஆறா?"

மூன்று வருடப் பாடத்தை ஓட்டமாக முடித்த பிள்ளைக்கு, வகுத்தல் என்பது அளந்து பார்ப்பதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தவறு அவளுடையது அல்ல. வேகத்தைப் பார்த்து அடுத்த வகுப்புப் புத்தகத்தை எடுத்து எடுத்துக் கொடுத்தது நான். அதற்குப் பிறகு நிறையத் தேடினேன், பெங்களூரில் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் மற்ற குடும்பங்களோடு பேசினேன், சில பாடத்திட்டங்களை வீட்டில் நடத்தியும் பார்த்தேன். கணக்கில் கூர்மையான, எட்டிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஒரு வாரத்துக்கு எந்தப் புத்தகமும் வாங்க வேண்டாம். மீத்திறன் என்று சான்றிதழ் தரும் சோதனை எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு நோட்டும் உங்கள் பொறுமையும் போதும்.

மூன்று விதமான கணக்குகள் கொடுங்கள். ஒன்று, பிள்ளைக்கு ஏற்கெனவே வழிமுறை தெரிந்த சாதாரணக் கணக்கு. இரண்டாவது, யாரும் வழி சொல்லித்தராத கணக்கு. மூன்றாவது, சரியாகப் போட்ட கணக்கையே எடுத்து "இது ஏன் இப்படி வருகிறது, எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்பது. முதல் விதத்தில் பிள்ளை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். பாடத்திட்டத்தை முடிவுசெய்ய உதவுபவை மற்ற இரண்டும்தான்.

இரண்டாவது விதத்துக்கு நான் பயன்படுத்தும் கணக்கு இது. ஒரு புத்தகத்துக்கு 1 முதல் கடைசிப் பக்கம் வரை எண் போட்டார்கள். மொத்தம் 642 இலக்கங்கள் தேவைப்பட்டன. புத்தகத்தில் எத்தனை பக்கம்? கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைப் போடலாம். முதல் ஒன்பது பக்கங்களுக்கு 9 இலக்கம், 10 முதல் 99 வரை 180. மீதி 453. அதை மூன்றால் வகுத்தால் 151, ஆக 250 பக்கம். ஆனால் விடை வந்ததா என்று பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். "கூட்டணுமா, பெருக்கணுமா?" என்று கேட்கிறதா? இரண்டு நிமிடத்தில் நோட்டைத் தள்ளிவிடுகிறதா? பத்துப் பக்கப் புத்தகத்துக்கு எத்தனை என்று சின்னதாகத் தொடங்கிப் பார்க்கிறதா? சின்னதாகத் தொடங்கும் பிள்ளைக்குக் கடினமான பாடத்திட்டத்தை இன்றைக்கே கொடுக்கலாம். தள்ளிவிடும் பிள்ளைக்கும் கொடுக்கலாம், ஆனால் முதல் மூன்று மாதம் நீங்கள் அதன் அருகிலேயே உட்கார வேண்டியிருக்கும். இதுவரை எல்லாமே சுலபமாக வந்துவிட்ட பிள்ளைக்கு, முட்டி நிற்பது எப்படி இருக்கும் என்றே தெரியாது. அது திறமைக் குறைவு இல்லை.

இன்னொன்றையும் கவனிப்பீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லாவற்றிலும் ஒரே படியில் நிற்பதில்லை. என் மகள் எண்களில் ஆறாம் வகுப்பு, வடிவியலில் நான்காம் வகுப்பு, கையெழுத்தில் இரண்டாம் வகுப்பு. மனதில் ஓடுவதை எழுதக் கை ஒத்துழைக்காததால் சலித்துக்கொள்வாள். கொஞ்ச காலம் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதில் குறை எதுவும் இல்லை. "எந்த வகுப்புப் பாடம் கொடுப்பது?" என்ற கேள்வியையே விட்டுவிட்டு, தலைப்பு வாரியாக யோசியுங்கள்.

புத்தகத்தை எப்படி எடைபோடுவது

மாதிரிப் பக்கங்கள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். திறந்து பயிற்சிப் பகுதியை மட்டும் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்த இருபது கணக்குகள் இருந்தால் உங்கள் பிள்ளைக்கு அது வேண்டாம். நான்கு போட்டதும் ஐந்தாவதிலிருந்து யோசிக்காமலே கை போட்டுக்கொண்டு போகும். நல்ல புத்தகத்தில் ஆறாவது கணக்கு ஐந்தாவதைப் போலவே தோன்றும், ஆனால் அதே வழியில் போகாது.

அடுத்து, விடைப் பகுதி. வெறும் விடை எண் போதாது. வழி முழுவதும் எழுதியிருக்க வேண்டும். நீங்களும் நானும் பள்ளியில் படித்த கணக்கு வேறு. பத்து வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு நாமே சில நேரம் தடுமாறுவோம். அப்போது கைகொடுப்பது அந்த விளக்கம்தான்.

பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று அறிய நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. பத்துக் கணக்கில் ஆறோ ஏழோ தானாக வர வேண்டும். இரண்டு மூன்று, நேரம் எடுத்து, முட்டி மோதி வர வேண்டும். குறைந்தது ஒன்று அன்றைக்கு வராமலே நிற்க வேண்டும். பத்துக்குப் பத்து வாரக்கணக்கில் தொடர்ந்தால், பிள்ளை புதிதாக எதையும் கற்கவில்லை என்று அர்த்தம். பத்துக்கு மூன்று என்று இறங்கினால் ஒரு படி கீழே வாருங்கள். கீழே வருவதைப் பிள்ளையிடம் தண்டனை போலச் சொல்லாதீர்கள்.

கையில் இருக்கும் வழிகள்

என்சிஇஆர்டி புத்தகங்களிலிருந்து தொடங்குகிறேன். அவற்றை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் ஆறாம் வகுப்புக்கும், 2025இல் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் கணித பிரகாஷ் என்ற புதிய புத்தகங்கள் வந்தன. பழையவற்றைவிட எனக்கு இவை மிகவும் பிடித்திருக்கின்றன. ஆறாம் வகுப்புப் புத்தகம் எடுத்ததுமே எண்களின் அமைப்புகளில் தொடங்குகிறது. நாசிக் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டுபிடித்த 6174 அதில் வருகிறது. எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதை அதிலிருந்து கழித்து, வந்த விடையையும் (மூன்று இலக்கமாக வந்தால் முன்னால் ஒரு 0 சேர்த்து) அப்படியே செய்துகொண்டே போனால் ஏழு தடவைக்குள் 6174இல் வந்து நின்றுவிடும். என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைச் செய்தாள். பிடிஎஃப் இலவசம். ஆறாம் வகுப்பிலிருந்து எக்ஸெம்ப்ளர் என்ற கூடுதல் கணக்குத் தொகுப்பும் இருக்கிறது. பின்னால் ஏதாவது தேர்வு எழுத வேண்டியிருந்தால் இந்தப் பாதை தெரிந்திருப்பது நல்லது. ஆனால் கூர்மையான பிள்ளைக்கு இது மட்டும் போதாது.

சிங்கப்பூர் கணக்கு, ஆறிலிருந்து ஒன்பது வயதுக்கு. வாக்கியக் கணக்குகளைப் பட்டை பட்டையாக வரைந்து பார்க்கும் முறை இதன் உயிர். கணக்கு வரும், ஆனால் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதில் திணறல் என்றால் இதை எடுங்கள். பாடப்புத்தகத்தோடு கடினமான வாக்கியக் கணக்குகளின் தனித் தொகுப்பையும் சேர்த்து வாங்க வேண்டும். பாடப்புத்தகம் மட்டும் நம் பிள்ளைகளுக்கு லேசாகிவிடும்.

பீஸ்ட் அகாடமியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது அமெரிக்காவில் ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங் என்ற நிறுவனம் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது. ஐந்து நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் நான்கு பகுதி, ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு புத்தகம். ஒன்று சித்திரக்கதை. அதில் வரும் விசித்திர உருவங்கள் பள்ளிக்கூடம் போய்க் கணக்கு படிக்கின்றன. மற்றது பயிற்சிப் புத்தகம். படக்கதை என்பதால் விளையாட்டுப் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். இதன் நான்காம் நிலை நம் நான்காம் வகுப்பைவிட நிச்சயம் கடினம். நட்சத்திரக் குறி போட்ட கணக்குகளில் சில, பெரியவர்களையும் உட்காரவைத்துவிடும். அதனால் வயதுக்கு ஒரு நிலை கீழே தொடங்கினாலும் நஷ்டமில்லை. எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்புப் பின்னம் போட்டுக்கொண்டிருந்தவளை இதன் மூன்றாம் நிலையில் உட்காரவைத்தேன். முதல் வாரம் "இது சின்னப் பிள்ளைங்க புக்" என்று முகத்தைத் தூக்கினாள். இரண்டாவது வாரம் ஒரு நட்சத்திரக் கணக்கை வைத்துக்கொண்டு சாப்பிட வர மறுத்தாள். எந்த நிலையில் தொடங்குவது என்று தீர்மானிக்க உதவும் சோதனைத் தாள்களை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். அதைப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அதை முடித்த பிள்ளைக்கு அதே நிறுவனத்தின் பெரிய புத்தகங்கள். ப்ரீஆல்ஜிப்ரா முதலில், பிறகு அறிமுக இயற்கணிதம். அதன்பின் எண்ணும் முறைகளும் நிகழ்தகவும், எண்ணியல், வடிவியல் என்று தனித்தனிப் புத்தகங்கள். இவற்றின் நடையில் ஒரு தனித்தன்மை இருக்கிறது. ஒவ்வொரு பிரிவும் கணக்குகளில்தான் தொடங்கும். பாடம் அதற்குப் பிறகு வரும். முதலில் நீயே போட்டுப் பார், வராவிட்டாலும் பரவாயில்லை, அப்புறம் விளக்கத்தைப் படி என்கிற முறை. பல பிள்ளைகள் நேராக விளக்கத்துக்குத் தாவிவிடும். ஒரு அட்டையை வைத்து விளக்கத்தை மறைத்துவைப்பது என் வழக்கம். விடைவிளக்கப் புத்தகம் தனியாக வரும், அதையும் சேர்த்தே வாங்குங்கள். ஆல்குமஸ் என்ற அவர்களுடைய இணையப் பயிற்சி இலவசம். பிள்ளையின் திறனைப் பார்த்துக் கணக்கின் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும். அவர்களுடைய நேரடி இணைய வகுப்புகள் அமெரிக்க மாலை நேரத்தில் நடப்பதால் பெரும்பாலும் நமக்கு விடியற்காலை ஆகிவிடும். வளரும் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்து அதில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புத்தகமே போதும்.

நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்தால் மேதமெட்டிக்கல் சர்க்கிள்ஸ் என்ற ரஷ்ய அனுபவத்தில் பிறந்த புத்தகம் பொக்கிஷம். யூனிவர்சிட்டீஸ் பிரஸ் இந்தியப் பதிப்பு போட்டிருப்பதால் விலையும் தாங்கும். இரட்டை ஒற்றை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு அத்தியாயம் முழுக்க யோசிக்கவைக்கும். தனியாகப் படிப்பதற்கு அல்ல, கூடி வாதாடுவதற்கான புத்தகம். பதின்மூன்று வயதுக்கு மேல், இயற்கணிதம் கைவந்த பிறகு, சேலஞ்ச் அண்ட் த்ரில் ஆஃப் ப்ரீ-காலேஜ் மேதமெட்டிக்ஸ். நம் நாட்டுக் கணித ஒலிம்பியாட் போட்டிக்கான பயிற்சியில் பல்லாண்டு உழைத்தவர்கள் எழுதியது. அவசரப்பட்டுப் பத்து வயதில் கொடுத்துப் பிள்ளையை மிரளவைக்க வேண்டாம்.

அபாகஸ், வேகக் கணக்கு வகுப்புகள் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மனக்கணக்கு வேகமாகும். அது நல்லதுதான். ஆனால் கணக்கில் கூர்மையான பிள்ளைகளுக்குத் தேவை அது இல்லை. எங்கள் பக்கத்து வகுப்பு ஒன்றில் மகளை எட்டு மாதம் விட்டோம். கோப்பை வாங்கி வந்தாள். அதே சமயம், கொஞ்சம் யோசிக்க வேண்டிய கணக்கைப் பார்த்தாலே "எனக்கு இது வேகமா வரல, அப்போ எனக்குத் தெரியல" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அந்த எண்ணத்தைக் கலைக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

காசு, அளவு, மொழி

வெளிநாட்டுப் புத்தகங்களை முழு செட்டாக வாங்கினால் கையைக் கடிக்கும். ஒரு பகுதியை மட்டும் வாங்கி, இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்து, ஒட்டினால் அடுத்ததை வாங்குங்கள். சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் சில நேரம் கிடைக்கும். உள்ளூர்ப் பாடப்புத்தகங்களுக்கு அவென்யூ ரோடு.

அமெரிக்கப் புத்தகங்களில் அங்குலம், அடி, மைல், டாலர், சென்ட் என்று வரும். கணக்கு தெரிந்த பிள்ளையும் ஒரு அடிக்கு எத்தனை அங்குலம் என்பதில் தடுமாறும். முன்கூட்டியே ஒரு சின்ன அட்டவணை எழுதி ஒட்டிவிடுங்கள். அதைப் போலவே அங்கே மூன்று மூன்று இலக்கமாகக் காற்புள்ளி போடுவார்கள், மில்லியன் என்பார்கள். லட்சமும் கோடியும் நீங்கள்தான் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

மொழி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், பேச்சு தமிழில் இருக்கட்டும். வெளியே கன்னடம், புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளரும் பெங்களூர்ப் பிள்ளைக்கு யோசிக்கும் மொழி வீட்டில் பேசும் மொழிதான். "அரைக்கால்" என்ற சொல்லிலேயே காலில் பாதி என்ற கணக்கு இருக்கிறது. ஒன் எய்த் என்பதில் அது தெரிவதில்லை. மாமியார் மாகாணியையும் சொல்லிக்கொடுத்தார், பதினாறில் ஒன்று. அதற்கே வீசம் என்றும் பெயர். அரைக்காலும் மாகாணியும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டார். "அரைக்கால்ல ரெண்டு மாகாணி இருக்கு, அப்போ மூணு மாகாணி" என்று மகள் சொன்னாள். பொதுப் பகுதி கண்டுபிடிப்பது என்பது இதுதான் என்று நான் பிறகு காட்டினேன். காரணி, பகா எண், விகிதம் போன்ற சொற்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்தால் சொற்கள் தானாகப் பழகிவிடும்.

பக்கத்தில் உட்காருவது

எந்தப் பாடத்திட்டம் எடுத்தாலும் அதை நடத்துவது நீங்கள். தினமும் முக்கால் மணி நேரம் போதும், பிள்ளை தானாகக் கேட்டால் மட்டும் கூடுதல். கடினமான வேலை, உதவாமல் இருப்பதுதான்.

போன மார்கழியில் பாட்டி வாசலில் ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி, ஒன்றில் முடியும் கோலம் போட்டார். மொத்தம் எத்தனை புள்ளி என்று மகளிடம் கேட்டேன். எண்ணி, 49 என்றாள். அடுத்த நாள் ஐந்து புள்ளிக் கோலம், 25. "ஏழேழ், ஐயஞ்சு!" என்று குதித்தாள். நோட்டில் 1, 4, 9, 16 என்று எழுதிவிட்டுக் கணக்கு முடிந்தது என்று மூடினாள். "நூறு புள்ளி வச்சாலும் அப்படியே வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

அந்த நாள் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி நகர்த்திக்கொண்டிருந்தாள். எனக்கு விடை தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது. சமையலறைக்குள் போய்விட்டேன். மூன்றாம் நாள் காலையில் மாடிப்படியில் உட்கார்ந்து பல் தேய்த்தபடி வாசல் கோலத்தைச் சாய்வாகப் பார்த்தவள், வாயில் நுரையோடு கத்தினாள். "அம்மா, சாய்ச்சுப் பார்த்தா ஏழு ஏழா ஏழு வரிசை!" அது உண்மைதான். சாய்வாகப் போகும் ஒவ்வொரு வரிசையிலும் ஏழு புள்ளி, அப்படி ஏழு வரிசை. நூறு புள்ளிக்கும் அதே. அன்று மாலை அவளே அடுத்த கேள்வியைப் போட்டுக்கொண்டாள். ஏழிலிருந்து ஒன்றுக்குப் பதில் நான்கில் நிறுத்தினால்? மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம் போய்விடும், ஒவ்வொன்றிலும் ஒன்றும் இரண்டும் மூன்றும் ஆறு. 49இல் பன்னிரண்டு போக 37. சரியாக வந்தது.

முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தால் இரண்டு நிமிடம் மிச்சமாகியிருக்கும். இந்த இரண்டாவது கேள்வி பிறந்திருக்காது.

பிள்ளை முட்டி நிற்கும்போது நான் கேட்பவை மூன்றே கேள்விகள்தான். என்ன தெரியும்? என்ன கேட்கிறார்கள்? இதைவிடச் சின்ன எண்ணுக்குப் போட்டுப் பார்த்தாயா? அதற்குமேல் வராவிட்டால் தேதி போட்டு "நிற்கும் கணக்குகள்" என்ற தனி நோட்டில் எழுதிவைத்துவிட்டு விளையாடப் போகலாம். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டும்போது பாதி தானாக அவிழும். அழுகை வந்தால் அன்றைக்குக் கணக்கு கிடையாது. பாராட்டும்போது "நீ கெட்டிக்காரி" என்பதைவிட "மூணு நாள் விடாம இருந்த பாரு" என்று சொல்லிப் பாருங்கள். கெட்டிக்காரி என்ற பெயரைக் காப்பாற்றவே கடினமான கணக்கைத் தொடாமல் விடும் பிள்ளைகள் உண்டு.

துணை தேடுங்கள்

வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பாடத்தைவிடப் பெரிய குறை, தன்னைப் போல யோசிக்கும் இன்னொரு பிள்ளை பக்கத்தில் இல்லாதது. இந்த விஷயத்தில் பெங்களூர் கொடுத்துவைத்த ஊர். ஹெசரகட்டா பக்கம் இருக்கும் ஐசிடிஎஸ் (ICTS) என்ற அறிவியல் ஆய்வு நிறுவனம் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காகக் கணித வட்டங்கள், அதாவது கூடிக் கணக்கு போடும் கூட்டங்கள், நடத்துகிறது. காப்பி வித் க்யூரியாசிட்டி என்ற பொதுமக்களுக்கான உரைகளும் நேரு கோளரங்கத்தோடு சேர்ந்து நடத்துகிறார்கள். இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒரு நாள் கதவைத் திறந்துவிடும். அன்றைக்குக் கணிதத் துறைப் பக்கமும் கூட்டிப் போங்கள். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2012இலிருந்து வெளியிடும் அட் ரைட் ஆங்கிள்ஸ் இதழ் இலவசம். நமக்கே, அதாவது கற்பிக்கும் பெற்றோருக்கே, அது நல்ல வாசிப்பு.

ஆனால் நம் ஊர்ப் போக்குவரத்தில் அல்சூரிலிருந்து ஹெசரகட்டாவுக்கு வாராவாரம் போக முடியாது. சனிக்கிழமை காலை நான்கு பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு வரவழைத்தோம். இருவர் தமிழ், ஒருவன் கன்னடம், ஒருத்தி மலையாளம். ஒரு வெள்ளைப் பலகை, ஒரு கணக்கு, ஒன்றரை மணி நேரம், கடைசியில் இட்லி. யாரும் பாடம் நடத்துவதில்லை. ஒருவர் போட்டதில் மற்றவர் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒலிம்பியாட் பற்றி ஒரு வார்த்தை. இந்தியா சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் 1989 முதல் பங்கேற்கிறது. மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இதை ஒருங்கிணைக்கிறது. முதல் படியான ஐஓக்யூஎம் தேர்வில் மூன்று மணி நேரத்தில் முப்பது கணக்கு, ஒவ்வொன்றுக்கும் விடை ஒரு முழு எண். அதில் தேறினால் வட்டாரம், பிறகு தேசியம். எட்டாம் வகுப்பு அளவுக்கு முன்னால் இதை நினைக்கவே வேண்டாம். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இருக்கின்றன. பதின்மூன்று வயதில் ஒன்றை எடுத்துக் கடிகாரம் இல்லாமல், ஒரு மாதம் எடுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கலாம். பிள்ளைக்கு அது பிடித்தால் போகட்டும். ஐம்பது பேர் உட்காரும் பயிற்சி மையத்தில் பதினொரு வயதில் சேர்ப்பதற்கு நான் எதிர்.

சான்றிதழை மறக்காதீர்கள்

2016இல் மும்பையில் வீட்டிலேயே படித்த ஒரு பெண், கணினி நிரலாக்க ஒலிம்பியாட் பதக்கங்களைக் கொண்டு அமெரிக்காவின் எம்ஐடியில் சேர்ந்தது செய்தியானது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐஐடியில் அவருக்கு வழி இல்லை என்பதும் அதே செய்தியில் இருந்தது. எல்லோருக்கும் அந்தப் பாதை அமையாது. ஆகவே கணக்கில் எவ்வளவு தூரம் போனாலும், சான்றிதழுக்கான பாதையைத் தனியாகத் திட்டமிடுங்கள்.

எளிய வழி என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை 14 வயது நிறைந்த பிள்ளை எழுதலாம். பத்தாம் வகுப்பு அளவிலான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது இன்னொரு வழி. அதில் கூடுதல் கணிதம் என்று தனிப் பாடமே உண்டு, நம் பிள்ளைகளுக்கு அது பொருத்தம். செலவு அதிகம். தனித்தேர்வர்களை எல்லா மையமும் ஏற்பதில்லை என்பதால் ஒரு வருடம் முன்பே விசாரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேர்வானாலும், நான் மேலே சொன்ன புத்தகங்களில் ஊறிய பிள்ளைக்கு அதற்கான கணக்குத் தயாரிப்பு நான்கைந்து மாத வேலைதான். அதற்கு முன் தேர்வை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

முதல் மாதம்

முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும். இரண்டாவது வாரம் இரண்டு பாடத்திட்டங்களின் இலவசச் சோதனைத் தாள்கள், மாதிரிப் பக்கங்கள். பிள்ளையையும் தேர்ந்தெடுக்க விடுங்கள். இரண்டும் தகுதியானவையாக இருந்தால் அதற்குப் பிடித்ததுதான் சரி. மூன்றாவது வாரம் ஒரே ஒரு புத்தகம் ஆர்டர் செய்யுங்கள். அது வந்து சேரும்வரை கோலப் புள்ளிகளும் 6174ம் போதும். நான்காவது வாரம் தொடங்கி, பத்துக்கு எத்தனை தானாக வருகிறது என்று காலண்டரில் சின்னதாகக் குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்பைப் பார்த்து, ஒரு படி ஏறுவதா, இறங்குவதா, அப்படியே போவதா என்று முடிவுசெய்யலாம்.

பயிற்சிப் புத்தகத்தில் நேரடியாக எழுதவிடாதீர்கள், நோட்டில் எழுதட்டும். எங்கள் மூன்றாம் நிலைப் புத்தகங்கள் இப்போது ராமமூர்த்தி நகரில் ஒரு வீட்டில் இருக்கின்றன. அந்தப் பையன் நட்சத்திரக் கணக்கில் முட்டி நின்றால் என் மகளுக்குத்தான் போன் வருகிறது. அவள் விடை சொல்வதில்லை. "சின்ன நம்பருக்குப் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்கிறாள்.